ஒரே பெயருக்குள் எத்தனை பிள்ளைகள்?

மும்பையில் ஓர் அரசு மருத்துவமனை. குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளைப் பார்க்கும் பிரிவின் முன்னால் காலை எட்டு மணிக்கே வரிசை நீண்டிருந்தது. நான் அன்று அங்கே சென்றது ஒரு சகோதரிக்கு மொழிபெயர்ப்பாளனாக. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து ஆறாண்டுகள் ஆகியும் அவருக்கு இந்தி சரளமாக வராது. மராத்தி அறவே வராது. அவருடைய நான்கு வயது மகன் அதுவரை ஒருமுறைகூட "அம்மா" என்று அழைத்ததில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். சுழலும் மின்விசிறியை மட்டும் மணிக்கணக்கில் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பான்.

அதே பெஞ்சில் இன்னொரு தமிழ்த் தாய் அமர்ந்திருந்தார். அவருடைய மகனுக்கு வயது பதினொன்று. ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறான். மத்திய ரயில் பாதையின் நிலையங்களை தாதர், மாட்டுங்கா, சயான், குர்லா என்று முன்னும் பின்னுமாக ஒப்பிப்பான். கணக்குப் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவது. ஆனால் அவனுக்கு ஒரு நண்பன்கூடக் கிடையாது. பள்ளி மணி அடித்தால் காதுகளைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துகொள்வான். மற்றப் பிள்ளைகள் கேலிக்காகச் சொன்னதை மெய்யென்று நம்பி அப்படியே செய்து, அடியும் வாங்கி வருவான். தனியார் உளவியலாளர் ஒருவர் அவனைப் பல நாட்கள் பார்த்து, "ஆட்டிசம்" என்று எழுதிக் கொடுத்திருந்தார். பள்ளி நிர்வாகமோ அரசுச் சான்றிதழ் வேண்டும் என்று கேட்டது.

இருவருக்கும் பரிசோதனைகள் முன்னரே நடந்து முடிந்திருந்தன. அன்று முடிவு சொல்லும் நாள். சின்னவனுக்கு ஆட்டிசம் உண்டு என்றார்கள். பெரியவனுக்குச் சான்றிதழ் தரும் அளவுக்கு இல்லை என்றார்கள். இரண்டு தாய்மாரும் அழுதார்கள். "உண்டு" என்றதற்காக ஒருவர். "இல்லை" என்றதற்காக மற்றவர்.

திரும்பும் வழியில் ரயிலில் அந்தச் சகோதரி என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அந்தப் பையன் அவ்வளவு அழகா பேசுதான், கணக்குப் போடுதான். அவனுக்கும் எம் பிள்ளைக்கும் ஒரே வியாதின்னு அவங்க அம்மா சொல்லுதாங்களே, அது எப்படி?"

என்னிடம் பதில் இல்லை. பிற்பாடு தேடிப் படித்தபோதுதான் ஒரு காரியம் விளங்கியது. அவர் கேட்ட அதே கேள்வியை வைத்துக்கொண்டுதான் உலகத்தின் பெரிய மருத்துவர்கள் ஏறக்குறைய அறுபது ஆண்டுகளாக வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பதினொரு பிள்ளைகள்

"ஆட்டிசம்" என்ற சொல்லைத் தமிழில் மதியிறுக்கம் என்கிறோம். தமிழக அரசின் ஆவணங்களில் "புற உலகச் சிந்தனையற்ற" என்ற அடைமொழியும் சேர்ந்து வரும். புற உலகச் சிந்தனையே இல்லாதவனா இத்தனை ரயில் நிலையங்களையும் மனப்பாடமாகச் சொல்கிறான் என்று அந்தப் பெரியவனின் தாய் கேட்டால் என்ன சொல்வது? பெயரிலேயே இத்தனை சிக்கல். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது தொற்றிக்கொள்ளும் வியாதியன்று; வளர்ப்புப் பிழையுமன்று. மூளை வளரும் விதத்திலேயே அமைந்துவிட்ட வேறுபாடு. அது சிலரை வாழ்நாள் முழுவதும் பிறர் உதவியில் வைத்துவிடுகிறது. சிலரைச் சற்று விநோதமான மனிதராக மட்டும் ஆக்குகிறது.

இந்தக் குறைபாட்டை முதன்முதலில் தனியாக இனங்கண்டு எழுதியவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரத்தில் பணிசெய்த லியோ கானர் என்ற குழந்தை மனநல மருத்துவர். ஆண்டு 1943. எட்டுச் சிறுவர், மூன்று சிறுமியர், ஆகப் பதினொரு பிள்ளைகளைப் பற்றி அவர் எழுதினார். அவர்களில் முதலாவதாக விவரிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்தின் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். வட்டமான பொருள் எதைக் கண்டாலும் சுழற்றுவார். யார் வந்தாலும் போனாலும் கவனிக்க மாட்டார். மூன்று வயதிலேயே அவரை ஒரு விடுதியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பெற்றோர் பொறுக்கமாட்டாமல் பின்னர் வீட்டுக்கே அழைத்துக்கொண்டு வந்தார்கள். தகப்பனார் தம் மகனைக் குறித்து முப்பத்து மூன்று பக்கக் கடிதம் எழுதி மருத்துவருக்கு அனுப்பினார்.

அந்தப் பிள்ளை பிற்காலத்தில் என்னவானார் தெரியுமா? கல்லூரியில் படித்தார். சொந்த ஊர் வங்கியிலே பல பத்தாண்டுகள் வேலை செய்தார். கார் ஓட்டினார், கோல்ஃப் விளையாடினார், தன்னந்தனியாகப் பல நாடுகளுக்குப் பயணம் போய் வந்தார். தாம் வளர்ந்த வீட்டிலேயே வாழ்ந்து 2023-ஆம் ஆண்டு 89-ஆம் வயதில் காலமானார்.

ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1971-இல் கானர் அந்தப் பதினொருவரையும் மறுபடியும் தேடிப்போனார். ஓரிருவர் வேலை பார்த்துத் தலைநிமிர்ந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். சிலரோ அரசு மனநல விடுதிகளின் சுவர்களுக்குள்ளே பேச்சற்று, செயலற்றுக் கிடந்தார்கள். ஓரிருவரின் தடமே கிடைக்கவில்லை. ஒரே மருத்துவர், ஒரே கட்டுரை, ஒரே பெயர். அதற்குள்ளேயே இத்தனை தூரம்! இந்தக் குறைபாட்டின் எல்லை பிற்காலத்தில்தான் விரிந்தது என்று பலர் எழுதுகிறார்கள். எல்லை விரிந்தது உண்மைதான். ஆயினும் நம் சகோதரி கண்ட வேறுபாடு முதல் பதினொரு பிள்ளைகளுக்குள்ளேயே இருந்தது.

"அல்லது" என்ற ஒரு சொல்

வேடிக்கை என்னவென்றால், எல்லை கட்டுக்கடங்காமல் போகிறது என்று முதலில் குறைப்பட்டவரும் கானரே. கண்ட பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயரை ஒட்டுவது மருத்துவர்களிடையே ஒரு மோஸ்தராகிவிட்டது என்று 1960-களிலேயே அவர் வருந்தி எழுதினார். அதே பத்தாண்டில், 1966-இல், இங்கிலாந்தில் விக்டர் லாட்டர் என்பவர் எடுத்த கணக்கின்படி பத்தாயிரம் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ நாலரைப் பேருக்குத்தான் ஆட்டிசம் இருந்தது. அதைப் போய் மிகுதி என்று நினைத்த காலம் அது.

எல்லையைத் துணிந்து விரித்தவர் ஒரு தாய். லண்டனில் மனநல மருத்துவராக இருந்த லோர்னா விங்கின் மகளுக்கே ஆட்டிசம் இருந்தது. கானரின் இலக்கணத்தில் சரியாகப் பொருந்தாத, ஆனால் அதே உதவி தேவைப்பட்ட எத்தனையோ பிள்ளைகளை அவர் கண்டார். 1979-இல் அவரும் ஜூடித் கவுல்டும் லண்டனின் கேம்பர்வெல் பகுதியில் நடத்திய ஆய்வு, பத்தாயிரத்துக்கு ஏறத்தாழ இருபது பிள்ளைகளிடம் இதே கூட்டமான அடையாளங்கள் இருந்ததைக் காட்டியது. அவை மற்றவர்களோடு பழகுவதில் தடுமாற்றம், கருத்தைப் பரிமாறுவதில் தடுமாற்றம், கற்பனையில் வறட்சியும் ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்தலும் ஆகும். 1981-இல் வியன்னா மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் 1944-இல் எழுதி மறக்கப்பட்டிருந்த கட்டுரையையும் விங் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். நன்றாகப் பேசும், அறிவுக்கூர்மையுள்ள, ஆனால் ஊரோடு ஒட்டாத பிள்ளைகளைப் பற்றியது அது. வெள்ளொளி பிரிந்து நிறமாலையாவதுபோல இதுவும் ஒரே தன்மையின் பல படிகள் என்ற எண்ணம் அவ்விதமாக வேரூன்றியது. உதவி கிடையாமல் கதவுக்கு வெளியே நின்ற பிள்ளைகளை உள்ளே சேர்ப்பதே அவருடைய நோக்கமாயிருந்தது. இதை நாம் மறந்துவிடலாகாது.

அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். என்ற கையேட்டைப் பல நாடுகளின் மருத்துவர்கள் புரட்டுகிறார்கள். 1994-இல் வந்த அதன் நான்காம் பதிப்பில் ஆஸ்பெர்கர் குறைபாடு சேர்க்கப்பட்டது. எந்தப் பெட்டியிலும் அடங்காதவர்களுக்கென்று இன்னொரு வகையும் அதில் இருந்தது. அந்த வகையை விளக்கும் வாக்கியத்தில் ஒரு பிழை நேர்ந்தது. பழகுவதில் பெருங்குறை இருக்க வேண்டும், அதனோடு கூடவே பேச்சிலோ நடத்தையிலோ குறை இருக்க வேண்டும் என்பதே குழுவின் கருத்து. அச்சில் வந்ததோ இது இருந்தாலும் போதும், அல்லது அது இருந்தாலும் போதும் என்ற பொருள்படும்படி வந்துவிட்டது. 2000-ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பில்தான் அது சரிசெய்யப்பட்டது. இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில் அந்த "அல்லது" எத்தனை பிள்ளைகளின் மருத்துவச் சீட்டில் ஏறியதோ! கையேட்டுக் குழுவின் தலைவராயிருந்த ஆலன் ஃபிரான்சஸ், தங்கள் பதிப்புக்குப் பின் ஆட்டிசம் தேவைக்கு மிஞ்சிக் கணிக்கப்படுகிறது என்று பிற்காலத்தில் வெளிப்படையாகவே வருந்தி எழுதினார்.

2013-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. ஆஸ்பெர்கர் முதலான தனிப் பெயர்களையெல்லாம் நீக்கி, "ஆட்டிச நிறமாலைக் குறைபாடு" என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்து, தேவைப்படும் உதவியின் அளவைக் கொண்டு மூன்று நிலைகளாகப் பிரித்தார்கள். அப்போது எழுந்த கூக்குரல் இன்றைய கூக்குரலுக்கு நேர் எதிரானது. எல்லை சுருங்கப்போகிறது, பிள்ளைகள் சலுகையை இழக்கப்போகிறார்கள் என்று 2012-இல் பெற்றோர் பயந்தார்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் இருந்தது. பழைய இலக்கணத்தில் தேறிய பலர் புதியதில் தேற மாட்டார்கள் என்று சில ஆய்வுகள் சொல்லின. முன்னரே கணிக்கப்பட்டவர்களுக்குக் கணிப்பு தொடரலாம் என்று கையேட்டிலேயே ஒரு குறிப்பைச் சேர்க்க வேண்டியதாயிற்று.

எண்ணிக்கை பெருகியது எதனால்?

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் எட்டு வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்கிறது. 2000-ஆம் ஆண்டில் 150 பேருக்கு ஒருவர். 2022-ஆம் ஆண்டுக் கணக்கில் 31 பேருக்கு ஒருவர். 2025 ஏப்ரலில் இந்த எண் வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. இது கொள்ளைநோய்போலப் பரவுகிறது என்றனர் சிலர்.

அதே அறிக்கையின் உட்பக்கங்களைப் பார்த்தவர்கள் குறைவு. கலிஃபோர்னியாவில் கணக்கெடுத்த இடத்தில் 19 பேருக்கு ஒருவர். டெக்சாசின் லரேடோவிலோ ஏறத்தாழ 103 பேருக்கு ஒருவர். ஒரே தேசம், ஒரே ஆண்டு, ஒரே வயதுப் பிள்ளைகள், ஐந்து மடங்கு வித்தியாசம்! இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு தேடும் கண்களைப் பொறுத்தது என்றே நான் கருதுகிறேன். சுவீடனில் பத்தாண்டுகளில் பிறந்த இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்து 2015-இல் வெளியான ஆய்வும் இதையே காட்டியது. அடையாளங்கள் உள்ள பிள்ளைகளின் விகிதம் ஏறவில்லை. மருத்துவப் பதிவேட்டில் ஏறிய பெயர்கள்தான் ஏறிக்கொண்டே போயின. கலிஃபோர்னியாவில் 1992 முதல் 2005 வரை ஏற்பட்ட பெருக்கத்தில் கால்பங்கு, முன்பு "மனவளர்ச்சி குன்றியவர்" என்று எழுதப்பட்டிருக்கக்கூடிய பிள்ளைகளின் பெயர்மாற்றமே என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. எல்லாப் பெருக்கத்தையும் இப்படிச் சொல்லித் தீர்த்துவிட முடியாது. வயது முதிர்ந்த பின் பிள்ளை பெறுவதும், குறைமாதப் பிள்ளைகள் பிழைத்து வளர்வதும் ஓரளவு காரணமாகலாம்.

இதை நான் வற்புறுத்திச் சொல்லக் காரணம் உண்டு. எண்களைக் கண்டு பயந்தவர்கள் காரணம் தேடித் தவறான கதவைத் தட்டுகிறார்கள். தட்டம்மைத் தடுப்பூசியின்மேல் 1998-இல் பழிபோட்ட கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010-இல் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு கர்ப்பிணிகள் உட்கொள்ளும் பாரசிட்டமால் மாத்திரையைச் சந்தேகித்தது. ஏறத்தாழ 24 இலட்சம் சுவீடன் பிள்ளைகளை ஆராய்ந்து 2024-இல் வந்த ஆய்வு, உடன்பிறந்தாரோடு ஒப்பிடும்போது அப்படியொரு தொடர்பு இல்லையென்று காட்டியிருந்தது. நம் சகோதரியும் அந்தச் செய்தியைக் கேட்டு, தான் கர்ப்பகாலத்தில் காய்ச்சலுக்கு விழுங்கிய இரண்டு மாத்திரைகளை எண்ணி எண்ணி அழுதவர்தான்.

குடை பெரிது, மழையில் நிற்பவர் யார்?

இப்போதைய வழக்குக்கு வருவோம். கனடா நாட்டு ஆய்வாளர் லொராங் மொத்ரோன் போன்றோர், குடையை இப்படியே விரித்துக்கொண்டு போனால் உள்ளே நிற்பவர்களுக்கும் வெளியே நிற்பவர்களுக்கும் வேறுபாடே இல்லாமல் போய்விடும் என்கிறார்கள். அவர் பங்கேற்று 2019-இல் வெளியான ஆய்வில், ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் இடையே முன்பு காணப்பட்ட இடைவெளி பத்தாண்டுகள் செல்லச் செல்லக் குறுகிக்கொண்டே வந்திருப்பது தெரிந்தது. இன்னொரு செய்தி என்னை மிகவும் உறுத்தியது. 2016-இல் வெளிவந்த ஆட்டிச ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பங்கேற்றவர்களில் 94 விழுக்காட்டினர் அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்கள். பரிசோதனைக் கூடத்தில் உட்கார்ந்து கேள்விக்குப் பதில் சொல்லக் கூடியவர்களை வைத்தே அறிவியல் வளர்கிறது. மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கும் நான்கு வயதுப் பிள்ளையைப் பற்றி அது என்ன கற்றுக்கொள்ளும்?

ஆகவே 2021-இல் லான்செட் இதழின் ஆணையம் ஒன்று, எப்போதும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தே தீரவேண்டிய, பேச்சு மிகக் குறைந்த அல்லது அறிவுத்திறன் மிகக் குறைந்த நிலையைத் தனியே குறிக்க ஒரு பெயரை முன்மொழிந்தது. தமிழில் அதை "ஆழ்நிலை ஆட்டிசம்" எனலாம். அமெரிக்காவில் ஆட்டிசமுள்ள எட்டு வயதுப் பிள்ளைகளில் 26.7 விழுக்காட்டினர் இந்நிலையினர் என்று 2023-இல் கணக்கிட்டார்கள். நான்கில் ஒருவருக்குச் சற்று மேல்.

மறுதரப்பையும் கேளுங்கள். முப்பது, நாற்பது வயதில் கணிக்கப்பட்டவர்கள், அவர்களில் பெண்கள் மிகப் பலர், "எங்களைத் துரத்திவிடாதீர்கள்" என்கிறார்கள். வெளியே சிரித்துப் பேசி, வீட்டுக்கு வந்ததும் இருட்டறையில் சுருண்டு கிடந்தவர்கள் இவர்கள். இத்தனை ஆண்டுகள் தங்களைச் சோம்பேறி என்றும் திமிர்பிடித்தவர் என்றும் பேசிய உலகத்துக்கு இப்போதுதான் ஒரு பதில் கிடைத்தது என்கிறார்கள். ஆழ்நிலை என்று சிலரைப் பிரித்தால் அவர்களிடத்தில் இனி எதையும் எதிர்பார்க்கத் தேவையில்லை என்று சமுதாயம் கைகழுவிவிடும் என்பது அவர்களுடைய இன்னொரு அச்சம். மூன்று வயதில் விடுதியில் விடப்பட்ட டொனால்டை நினைத்துப் பார்த்தால் அந்த அச்சம் வீணானதன்று.

என் எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். பெயர் ஒன்றாக இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. அந்தப் பெயரோடு நின்றுவிடுவதில்தான் வருத்தம். "ஆட்டிசம்" என்று மட்டும் எழுதிய சீட்டு எதையும் சொல்லவில்லை. இந்தப் பிள்ளைக்குப் பேச்சு எவ்வளவு, தானாக உண்பானா, தன்னைத்தானே கடித்துக்கொள்வானா, இரவில் உறங்குவானா, நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஒருவர் அருகில் வேண்டும் என்பதையெல்லாம் அந்தச் சீட்டு சொல்ல வேண்டும். அப்படி எழுத மருத்துவருக்கு நேரம் வேண்டுமே!

நம் தேசத்தில் ஓர் எண்

அமெரிக்காவில் குடை பெரிதாகிவிட்டது என்று சண்டை. நம் நாட்டிலோ நீண்ட காலம் குடையே இருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. பிள்ளைகளுக்கு "மனவளர்ச்சி குன்றியவர்" என்று சான்றிதழ் வாங்கித்தான் பெற்றோர் சமாளித்தார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசத்தைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளில் ஒன்றாக அதை ஏற்றுக்கொண்டது. எத்தனை பேர் என்ற கேள்விக்கு, 2018-இல் வெளிவந்த ஆய்வு ஓரளவு விடை தருகிறது. பல்வால், காங்ரா, தேன்கனால், வடகோவா, ஐதராபாத் ஆகிய ஐந்து இடங்களில் இரண்டு முதல் ஒன்பது வயதுவரையுள்ள ஏறத்தாழ நாலாயிரம் பிள்ளைகளைப் பார்த்தார்கள். நூற்றுக்கு ஒருவரை ஒட்டிய அளவில் ஆட்டிசம் இருந்தது.

சட்டத்தின் முக்கியச் சலுகைகளுக்கு 40 விழுக்காடு குறைபாடு இருக்க வேண்டும். அதை அளக்க நம் அரசு பயன்படுத்துவது ஐ.எஸ்.ஏ.ஏ. என்னும் இந்திய அளவுகோல். செகந்திராபாத்திலுள்ள தேசிய நிறுவனத்தில் உருவாகி 2009-இல் வந்தது. அதில் 40 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். மொத்தம் 70-க்குக் கீழே இருந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. 70-ஐத் தொட்டால் 40 விழுக்காடு.

சின்னவன் நடுத்தர வகையில் வந்தான். பெரியவனுக்குக் கிடைத்தது 66. நான்கு மதிப்பெண்.

அந்த நான்கு மதிப்பெண்ணில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தேர்வில் கூடுதல் நேரம் இருக்கிறது. உயர்கல்வியில் அரசுக் கல்லூரிகளின் 5 விழுக்காட்டு இடமும், அரசு வேலையின் 4 விழுக்காட்டு ஒதுக்கீட்டில் ஒரு துளியும் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, "இவன் வேண்டுமென்றே அடம்பிடிக்கிறான்" என்று சொல்லும் தலைமையாசிரியர் முன்னால் நீட்ட ஒரு காகிதம் இருக்கிறது. எட்டாம் வகுப்பு முடியுமட்டும் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறதே என்பீர்கள். சிறுபான்மையினர் பள்ளிகளை அச்சட்டம் கட்டுப்படுத்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம்மவர்கள் தேடித்தேடிச் சேர்க்கும் பள்ளிகள் பெரும்பாலும் அவைதானே.

அளவுகோலைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அமைதியான ஓர் அறையில், அன்பான ஒரு பெரியவரோடு, தனக்குப் பிடித்த ரயில் பாதையைப் பற்றிப் பேசும்போது அந்தப் பையனிடம் குறை எதுவும் தெரியாது. அவனுடைய குறை தெரியும் இடம் அறுபது பிள்ளைகள் இரைச்சலிடும் வகுப்பறை. அளப்பவர் அங்கே போவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியும் குறைக்கு அந்த எண் இடங்கொடுக்கிறது. ஒளிந்திருக்கும் குறையைத் தவறவிடுகிறது. மறுபுறம் தனியார் மையங்கள் சிலவற்றில் சற்றுத் தாமதமாகப் பேசும் பிள்ளைக்கெல்லாம் முதல் நாளிலேயே அந்தப் பெயரைச் சூட்டி, மாதம் பல ஆயிரங்களுக்குப் பயிற்சிச் சீட்டு எழுதுகிறார்கள் என்ற புலம்பலும் கேட்கிறது. இந்தப் பயத்தில் காசு பார்ப்போரும் உண்டு. ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதற்கில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் சொன்ன பிறகும் வீட்டை விற்றுச் செய்யத் துணிந்தவர்கள் இருந்தார்கள்.

வெளியூரில் வாழும் நம் வீடுகளில்

நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் இன்னொரு சிக்கல் சேருகிறது. வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் ஆங்கிலம். பிள்ளை பேசவில்லையென்றால் "மூன்று மொழிக் குழப்பம், போகப்போகச் சரியாகிவிடும்" என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். நம் சகோதரி அந்தப் பேச்சை நம்பி இரண்டு ஆண்டுகளை இழந்தார். பல மொழி கேட்டு வளர்வதால் ஆட்டிசம் வருவதில்லை. ஆட்டிசமுள்ள பிள்ளை இருமொழி கேட்டு வளர்வதால் நிலைமை மோசமாவதாகவும் ஆய்வுகள் காட்டவில்லை. ஆகவே தாய்மொழியை விட்டுவிட்டு ஆங்கிலத்தில் மட்டும் பேசுங்கள் என்று யாரேனும் சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். அரைகுறை ஆங்கிலத்தில் பேசும் தாயைவிட நிறைவான தமிழில் கொஞ்சும் தாய் மேல்.

எதிர்மாறான ஆபத்தும் உண்டு. தமிழ் மட்டுமே அறிந்த பிள்ளையிடம் மராத்தியில் கேள்வி கேட்டுவிட்டு, பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்வது. பரிசோதனை நாளில் தமிழ் தெரிந்த ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். பிள்ளை வீட்டில் பேசும் சொற்களையும் செய்யும் செயல்களையும் ஒரு நோட்டில் எழுதிக் கொண்டுபோங்கள். கைப்பேசியில் படமெடுத்துக் காட்டினால் இன்னும் நல்லது. ஓராண்டாகியும் மழலையொலியோ கைச்சாடையோ இல்லை, பதினாறு மாதத்தில் ஒரு சொல்கூட இல்லை, இரண்டாண்டில் இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை என்றால் தாமதிக்க வேண்டாம். வந்த பேச்சு எந்த வயதில் நின்றுபோனாலும் தாமதிக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பாருங்கள். பெயர் என்ன என்ற விவாதம் முடியும்வரை பயிற்சி காத்திருக்கத் தேவையில்லை.

நம் ஆராதனைக் கூடங்களிலும் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். டிரம்ஸும் ஒலிபெருக்கியும் முழங்கத் தொடங்கியதும் காதைப் பொத்திக்கொண்டு அலறும் பிள்ளையைக் கண்டு, வளர்ப்புச் சரியில்லை என்று முகஞ்சுளிப்பவர் உண்டு. அசுத்த ஆவி என்று அந்தத் தாயின் காதுபடச் சொன்னவர்களும் உண்டு. அதன்பின் அவர் ஒன்பது மாதம் கூட்டத்துக்கே வரவில்லை. குடையை விரித்ததால் வந்த நன்மையை எடைபோடுகிறவர்கள் இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்தப் பெயர் ஊருக்குள் பரவியிராவிட்டால், போதகரின் மனைவி அவர் வீடு தேடிப் போய், "இது இன்னது, மருத்துவரிடம் காட்டுவோம்" என்று சொல்லியிருக்கவே முடியாது.

சான்றிதழ் மறுக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடங்கொடுக்கிறது. பெரியவனின் தாய்க்கு அது தெரிந்திருக்கவில்லை. வகுப்பாசிரியை ஒருவர் மனமிரங்கி, ஓராண்டாக வகுப்பில் தாம் கண்டதையெல்லாம் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தார். மேல்முறையீட்டு மனுவுக்கு வேண்டிய மதிப்பீட்டுப் பதிவுகளின் நகலை வாங்க அவர் மறுபடியும் அந்த மருத்துவமனைக்கு வந்த நாளில், நம் சகோதரிக்கும் மகனுடைய பேச்சுப் பயிற்சிக்குத் தேதி கொடுத்திருந்தார்கள். பழைய பெஞ்ச், பழைய வரிசை. சின்னவன் வழக்கம்போல அண்ணாந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவன் புத்தகத்தை மூடிவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். அவனும் அண்ணாந்தான். சற்று நேரம் கழித்து, யாரையும் பாராமலே, "மூணு இறக்கைல ஒண்ணு மட்டும் கொஞ்சம் வளைஞ்சிருக்கு" என்றான்.

நான் நிமிர்ந்து பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் நின்று விசிறி ஓய்ந்தபோதுதான் தெரிந்தது.